வேலை தேடக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். ரெஸ்யூம் எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் எப்படி உட்காருவது, என்ன நிறத்தில் சட்டை போடுவது என்றெல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெங்களூருவில் பல வருடமாக நான் பார்க்கிற வேலை, கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, ஆபீஸ் பாஷையில் பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் வேறு. மூன்று சுற்று இன்டர்வியூ தாண்டி, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, வீட்டில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்த பிறகு, ஒரு காகிதத்தில் இருக்கிற பெயர் இன்னொரு காகிதத்தில் இல்லாமல் போய் நிற்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை அந்தப் பிள்ளைகள் படிக்கப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். தர்மபுரியிலும் திருப்பத்தூரிலும் காலையில் டீக்கடையில் பேப்பர் புரட்டுகிற அப்பாக்கள் படிப்பார்கள். பரவாயில்லை, பாதி விஷயம் அவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

நமக்கு இனிஷியல்தான் வழக்கம். முருகேசன் மகன் கார்த்திக் என்றால் மு. கார்த்திக், ஆங்கிலத்தில் எம். கார்த்திக், அவ்வளவுதான். ஆனால் தில்லியில் உட்கார்ந்து தயாரிக்கிற படிவங்களுக்கு முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் நிரம்பினால்தான் திருப்தி. அதனால் என்ன ஆகிறது என்றால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எம்' என்று இருக்கும். ஆதார் கேம்ப் நடந்த அன்று தட்டச்சு செய்தவர் அப்பா பெயரைக் கேட்டு 'கார்த்திக் முருகேசன்' என்று அடித்திருப்பார். பான் கார்டில் இனிஷியலை இனிஷியலாகவே விட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும், அங்கே பிரவுசிங் சென்டர்காரர் எந்தக் கட்டத்தில் எதைப் போட்டாரோ அதைப் பொறுத்து அவன் 'முருகேசன் கார்த்திக்' ஆகிவிடுவான். கல்லூரிச் சான்றிதழில் புள்ளி வைத்து 'எம். கார்த்திக்'. நடுவில் யாரோ ஒரு ஜோசியர் நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் கடைசி 'கே'க்கு முன்னால் ஒரு 'சி'யைச் சேர்க்கச் சொல்லியிருப்பார், அந்த 'சி' வங்கிப் பாஸ்புக்கில் மட்டும் ஏறியிருக்கும். அந்த எழுத்து அவனுக்கு என்ன அதிர்ஷ்டம் கொண்டுவந்ததோ தெரியாது, எங்களுக்கு வேலை கொண்டுவருகிறது.

சிரிப்பாக இருக்கும், ஆனால் எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். சரிபார்த்து அனுப்புகிற ரிப்போர்ட்டில் பச்சை, ஆம்பர், சிவப்பு என்று மூன்று நிறம் உண்டு. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே சிவப்பு ஆகிவிடாது, பெரும்பாலும் ஆம்பர்தான், அதாவது விளக்கம் கேள் என்று அர்த்தம். தமிழ்நாட்டு இனிஷியல் வழக்கம் தெரிந்த எச்.ஆர். என்றால் ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரத்தோடு விட்டுவிடுவார். தெரியாதவர் என்றால் இவர் ஒருவரா மூன்று பேரா என்று மெயில் மேல் மெயில் போடுவார். சேரும் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும், ஆதார் திருத்தம், பான் திருத்தம், வங்கித் திருத்தம் மூன்றும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். ஆள் தேவைப்படுகிற நேரம் என்றால் கம்பெனியும் காத்திருக்கும். தேவை குறைந்த நேரம் என்றால் "அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம்" என்று ஒரு வரி வரும், அந்த அடுத்த பேட்ச் வராமலே போனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வேலை தேட ஆரம்பிப்பது என்றால் முதலில் நௌக்ரி மாதிரி வேலை தேடும் இணையதளத்தில் கணக்குத் திறப்பது இல்லை, வீட்டு பீரோவைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பிப் பார்ப்பது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நடுவில் வையுங்கள், பிறந்த தேதிக்கும் பெயரின் எழுத்துக்கும் பெரும்பாலான இடங்களில் அதைத்தான் மூலமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் உள்ள எழுத்துகளுக்கு மற்றவை பொருந்துகின்றனவா, இனிஷியலை விரித்த இடங்களில் எல்லாம் அப்பா பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றதும் ஓடிப்போய் ஆதாரை மாற்றிவிடாதீர்கள், அங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. கல்லூரியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக ஒரு முறை மாற்றியிருப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை தேவைப்படலாம், நடுவில் அவசரத்தில் ஒன்றைச் செலவழித்துவிட்டால் பிறகு விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டுக்கொண்டு அலைய வேண்டியதுதான். எல்லாக் காகிதத்திலும் எப்படி எழுதப்போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி வைத்து, அப்புறம் ஆதார், அதை வைத்துப் பான், அவற்றை வைத்து வங்கி என்று போவதுதான் சுலபம்.

ஆதாரில் எந்த செல்போன் எண் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். எட்டாம் வகுப்பில் கொடுத்த அப்பாவின் பழைய ஏர்செல் எண் இன்னமும் அதில் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏர்செல் கம்பெனி 2018-லேயே கடையைக் கட்டிவிட்டது, ஓடிபி எங்கே போகும்? பெங்களூரு வந்து சேர்ந்த பிறகு, புது வேலையின் முதல் வாரத்தில், லீவு கேட்டுக்கொண்டு ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி நிற்பதைவிட ஊரில் தபால் நிலையத்தில் முடித்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். பதினைந்து வயதில் கைரேகையையும் கருவிழியையும் மறுபடி பதிய வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதைச் செய்யாமல் விட்டவர்கள் கைரேகை வைக்கும் இடத்தில் எல்லாம் "ஒத்துப்போகவில்லை" என்று திரும்பி வருவார்கள். அதையும் கையோடு செய்துவிடலாம்.

மதிப்பெண் பட்டியலிலேயே தப்பு இருந்தால்? பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், நாள் பிடிக்கும், பிறந்த தேதி என்றால் அதைவிடக் கஷ்டம். பெயரையே மாற்றிக்கொண்டவர் என்றால் அரசிதழில் வெளியிட்ட பக்கத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான், வேலை கிடைத்த பிறகு உங்களுக்கு நேரமே இருக்காது. இப்போது ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பெயர்ப்பட்டியல், அதாவது நாமினல் ரோல், தயாரித்து விவரம் சரிதானா என்று பார்க்கச் சொல்வார்கள். ஏதோ ஃபார்ம் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். பையனின் பெங்களூரு வேலைக்கான தயாரிப்பு அந்தக் கையெழுத்தில்தான் தொடங்குகிறது என்று சொன்னால் மிகை என்று நினைப்பீர்கள், எங்கள் ஆபீஸில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் நினைக்க மாட்டீர்கள்.

பெண்களுக்கு இது இரட்டிப்பு. கல்யாணத்துக்கு முன் எஸ். கவிதா, பிறகு ஆதாரில் கவிதா ரமேஷ், பானில் இன்னமும் அப்பா பெயர். குழந்தை பெற்று, நாலைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும்போதுதான் இது தெரியவரும். இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று காட்டத் தேவை திருமணப் பதிவுச் சான்றிதழ், மண்டபத்து ஆல்பமும் பத்திரிகையும் போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும், ஆனால் "வெளிநாடு போகிறவர்களுக்குத்தானே அது" என்று விட்டுவிட்ட குடும்பங்கள் ஏராளம். தாமதமாகவும் பதிய முடியும், போய்ப் பதிந்துவிடுங்கள். அந்தப் பெண்கள் ரெஸ்யூமில் இடைவெளியை மறைக்க மெனக்கெடுவதையும் பார்க்கிறேன், தேவையே இல்லை. குழந்தைக்காக வேலையை விட்டேன் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது, அதற்காக யாரும் சிவப்பு போடுவதில்லை. தேதியைக் கூட்டிக் குறைத்து எழுதினால்தான் போடுகிறோம்.

தேதி என்றதும் ஏற்கனவே வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுகிறவர்கள் பக்கம் வருகிறேன். உங்கள் பி.எஃப். கணக்குக்கு யுஏஎன் என்று 12 இலக்க எண் இருக்கிறது. அதில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும், நாங்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ரெஸ்யூமில் மார்ச் என்றும் அதில் ஜனவரி என்றும் இருந்தால் கேள்வி வரும். ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த கம்பெனியை ரெஸ்யூமில் எழுதாமல் விட்டாலும் அங்கே எட்டிப் பார்க்கும். எனவே தேடத் தொடங்கும் முன் நீங்களே பி.எஃப். இணையதளத்துக்குள் போய்ப் பாருங்கள், பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள், சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற முதலாளிகள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். பழைய கம்பெனி விலகல் தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் கடைசி பி.எஃப். வரவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, பே ஸ்லிப், நியமனக் கடிதம், இன்க்ரிமென்ட் லெட்டர், வருமான வரிப் பிடித்தத்துக்கான ஃபார்ம் 16 எல்லாம் கம்பெனி போர்ட்டலில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி விடாதீர்கள். கடைசி நாள் மாலையே உங்கள் லாகின் மூடிவிடும். ஆட்குறைப்பு என்றால் மாலை வரை கூடக் காத்திருக்க மாட்டார்கள், மீட்டிங் முடிந்து திரும்பி வருவதற்குள் லேப்டாப் பூட்டியிருக்கும். உங்கள் சம்பளக் காகிதங்களை மாதாமாதம் உங்கள் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனியின் கோப்புகளைத் தொடாதீர்கள், அது வேறு வம்பு. நியமனக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்து நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்டு ஏதாவது இருக்கிறதா, நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டி விலகலாமா என்று தெரிந்துகொண்டு அப்புறம் இன்டர்வியூவுக்குப் போங்கள். இங்கே ஐ.டி. கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். "எப்போது சேருவீர்கள்" என்றதற்கு 30 நாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு இரண்டு பக்கமும் கெஞ்சுகிறவர்கள் எத்தனையோ பேர். நியமனக் கடிதமே தரவில்லை என்கிறவர்களுக்கு ஒரு தகவல், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் அதைத் தரவேண்டும் என்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குத் தலைவலி கல்லூரியில் இருக்கிறது. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிற கல்லூரிகள் உண்டு. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவிப்பு போட்டிருக்கிறது, அந்த அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து போய்ப் பேசினால் பல இடத்தில் வேலை நடக்கிறது. பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்களை அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். சதவீதத்தை மட்டும் தயவுசெய்து ஏற்றிச் சொல்லாதீர்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 வேண்டும் என்று நிறையக் கம்பெனிகள் கேட்கின்றன, 59.4 எடுத்தவன் 60 என்று எழுதுகிறான், அவனுக்கு அது ஒரு புள்ளி, எங்கள் ரிப்போர்ட்டில் அதன் பெயர் தவறான தகவல். 59.4 என்று எழுதினால் சில கம்பெனிகள் கூப்பிடாது, அவ்வளவுதான். ஏற்றி எழுதினால் கூப்பிட்டு, எடுத்து, வேலையில் சேர்த்த பிறகு அனுப்பிவிடுவார்கள், அப்போது அந்தக் காரணமும் கூடவே வரும். அரியர் விஷயமும் அப்படித்தான், இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. "ஃபிரஷருக்கு இங்கே வேலை கிடைக்காது தம்பி, இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் வரும், பி.எஃப். கூடக் காட்டலாம்" என்று சொல்லிப் பணம் வாங்குகிற இடங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. பெயர் சொல்ல நான் விரும்பவில்லை, பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன, பலகை மட்டும்தான் புதுசு. நகையை அடகு வைத்து அதற்குப் பணம் கட்டிய குடும்பத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இப்படிப் போலி அனுபவம் கொடுத்த கம்பெனியின் பெயர் சந்தேகப் பட்டியலில் ஏறிய நாளில், அதன் பெயரில் அனுபவம் காட்டிய எல்லாருடைய ஃபைலும் ஒரே மாதிரி திரும்பிப் பார்க்கப்படும், அதில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவரும் அடக்கம். எட்டு மாதம் நன்றாக வேலை செய்து மேனேஜரிடம் பாராட்டு வாங்கிய பையனைக்கூட ஒரே நாளில் அனுப்பியிருக்கிறார்கள். திறமை இருந்தும் போனான் என்பதுதான் கொடுமை.

அதற்குப் பதில் அனுபவத்துக்கு நேர்வழி இல்லையா என்றால் இருக்கிறது, மெதுவான வழி. மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு இருக்கிறது, தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளலாம். ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகள் ஐ.டி. பார்க்குகளையே பார்த்து ஏங்காமல் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி, ஓசூர் பக்கம் பயிற்சியாளராக ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தால் கையில் இருக்கிற காகிதம் உண்மையான காகிதமாக இருக்கும். உதவித்தொகை குறைவுதான், அதில் சந்தேகமில்லை.

அடுத்தது பணக் கணக்கு. வருடத்துக்கு ஆறு லட்சம் என்று ஆஃபர் வந்ததும் மாதம் 50,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வீட்டுக்கடன் வரை பேசிவிடுகிறார்கள். சி.டி.சி. என்பது கம்பெனி உங்கள் பேரில் செலவழிக்கிற மொத்தம், உங்கள் பையில் விழுவது இல்லை. உதாரணத்துக்கு ஆறு லட்சத்தில் 60,000 வேரியபிள், அதாவது நிச்சயமில்லாத மாறும் தொகை, என்று வைத்துக்கொள்வோம், அது வருடக் கடைசியில், அதுவும் வந்தால் வரும். மிச்சம் மாதம் 45,000. அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் கம்பெனி கட்டுகிற பி.எஃப். 12 சதவீதம் 3,000, கிராஜுவிட்டிக்கு என்று சுமார் 1,200, மருத்துவ இன்சூரன்ஸுக்கு ஒரு 500 என இதெல்லாம் அந்த 45,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மீதி 40,300-இல் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000, கர்நாடகத் தொழில்வரி 200 போனால் கையில் வருவது 37,000 சொச்சம். பிப்ரவரியில் தொழில்வரி 300, அது தனி வேடிக்கை. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது, அந்த மட்டில் நிம்மதி. சில கம்பெனிகள் பி.எஃப்.ஐ 15,000-க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிப்பார்கள், அப்போது கையில் கொஞ்சம் கூடும். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று எச்.ஆர். கேட்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ஒரு எண் சொல்வார், மற்றவர் "கம்பெனி விதிப்படி" என்பார். கம்பெனி விதிப்படியேதான் கிடைக்கும்.

இந்த ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டு தேடினால்தான் வேலை கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது பழைய காலத்துப் பழக்கம். மடிவாளாவில் ஆம்னி பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கி, பிடிஎம் லேஅவுட்டில் பிஜி, அதாவது சாப்பாட்டோடு தங்கும் விடுதி, பிடித்து, மூன்று பேர் ஒரு அறையில், மாதத்துக்கு எப்படிப் பார்த்தாலும் சாப்பாடு போக்குவரத்தோடு பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் கரைந்துகொண்டிருக்கும். முதல் சுற்றுகள் இப்போது பெரும்பாலும் வீடியோவில் நடக்கின்றன, அதை மதுரையிலிருந்தே முடிக்கலாம். கடைசிச் சுற்றுக்கு நேரில் வா என்றால் வந்துவிட்டுப் போகலாம், 2024-லிருந்து மதுரைக்கே வந்தே பாரத் இருக்கிறது, டிக்கெட் விலை அதிகம்தான், ஒரு மாத பிஜி வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆபீஸ் எங்கே என்று தெரிந்த பிறகு இடம் பிடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்த பிறகு ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை போய்விடலாம், ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்தவன் பாடு பாடுதான். முன்கூட்டி அழைப்பில்லாமல் நேரில் போகிற வாக்-இன் இன்டர்வியூ மட்டும் விதிவிலக்கு, அதற்கு நேரில் வந்து வெயிலில் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

இங்கிலீஷ் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் நீட்டப் போவதில்லை. மனப்பாடம் செய்த செல்ஃப் இன்ட்ரோவை முதல் இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இன்டர்வியூ எடுக்கிற நண்பர்கள் சொல்கிறார்கள். ஃபைனல் இயர் புராஜெக்டில் நீ என்ன செய்தாய், உன் கூட்டாளி என்ன செய்தான் என்று தெரு நண்பனுக்குச் சொல்வதுபோல் தப்பும் தவறுமான இங்கிலீஷில் பத்து நிமிஷம் சொல்லிப் பழகினால் அது உதவும். புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு எதுவும் உதவாது. கன்னடமும் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டு வாருங்கள். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தமிழ் போதும், ஆபீஸ் செக்யூரிட்டியிடமும் பிஜி ஓனரிடமும் போதாது. உள்ளூர்க்காரர்களுக்குத் தனியார் வேலையில் இடஒதுக்கீடு தரும் மசோதாவை 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்று, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது, அந்தப் பேச்சு அடங்கிவிடவில்லை. அதற்காக யாரும் பயப்பட வேண்டாம், பேசிப் பழகுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை, இதை நீங்கள் வெட்டிவிட்டுப் பிரசுரிப்பீர்களோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திருப்பினால் வரி விளம்பரங்கள் வருகின்றன. "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 30,000", "ஏர்போர்ட்டில் உடனடி வேலை, பத்தாவது போதும்", கீழே ஒரு செல்போன் எண் மட்டும், கம்பெனி பெயர் கிடையாது, முகவரி கிடையாது. அந்த எண்ணைக் கூப்பிட்டால் பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள், சிலர் ஒரிஜினல் சான்றிதழையும் கொண்டுவரச் சொல்வார்கள். வேலை கொடுக்கிற எந்த ஒழுங்கான கம்பெனியும் வேலைக்காகப் பணம் வாங்காது என்று பிள்ளைகளுக்கு எவ்வளவு சொன்னாலும், "பேப்பரிலேயே வந்திருக்கிறது அக்கா" என்று திருப்பிச் சொல்கிறார்கள், என்னிடம் அதற்குப் பதில் இல்லை. விளம்பர வருமானம் எவ்வளவு முக்கியம் என்பது புரிகிறது. முகவரியும் பதிவு எண்ணும் தராத வேலை விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்று ஒரு முடிவு எடுக்க முடியுமா? அது முடியாது என்றால் அந்தப் பக்கத்தின் மேலேயாவது, பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் தினமும் போடுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணில் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது, மறுநாள் அண்ணனைக் கேட்டு, மாமாவைக் கேட்டு, பிறகு சொல்வதில் பலன் குறைவு.

அப்படியே பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் தயாராகிற மாதங்களில், பெயரும் பிறந்த தேதியும் சரிபார்ப்பது எப்படி என்று அரைப் பக்கம் ஒதுக்கினால் நல்லது. எழுத ஆள் வேண்டும் என்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
அல்சூர், பெங்களூரு